‘உண்ணி இல்லை’ என்று சொன்னோம்

லேபின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. புதிதாக வாங்கிய ஒரு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை முன்னால் வைத்துவிட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். காய்ச்சல் கிருமிகளின் வகையறாவையெல்லாம் ஒரே ரத்தத்தில், ஒரே மதியத்துக்குள் பிரித்துச் சொல்லிவிடுமாம். நல்ல விஷயம்தான். கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: "கஸ்தூரி அக்கா, இனிமே உங்க டியூப் டெஸ்டுக்கு டாட்டா. அந்தக் காலத்துக் கதை எதாவது எழுதுங்களேன், குரூப்ல போடலாம்."

அந்தக் காலம் என்று அவள் சொல்வது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்வரை நடந்துகொண்டிருந்ததை. இந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் வேலைக்குச் சேர்ந்ததற்கு முந்தின நாள்கூட அந்தக் காலம்தான். சரி, கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். ஆனால் சிரிப்புப் பொம்மை போடுகிற கதை எதுவும் என்னிடம் இல்லை. படித்துவிட்டு யாரும் கைதட்டுகிற படத்தை அனுப்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும், இப்போதே சொல்லிவிட்டேன்.

நான் கொரட்டூர்க்காரி. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தால் கல்யாணம் ஆனாலும் எந்த ஊரிலும் வேலை கிடைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள், அதனால் படித்தேன். முதலில் அம்பத்தூரில் ஒரு ஒற்றை அறை லேபில் வேலை. சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்க்கிற வேலைதான் பெரும்பாலும். அந்த வாடை தலைமுடியில் ஏறி வீடு வரைக்கும் வரும். பிறகு பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கிருமியியல் பிரிவில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஷேர் ஆட்டோக்காரர்கள் கேட்காமலே நிறுத்துகிற அளவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். அங்கேயே இருந்து அங்கேயே ஓய்வு பெற்றேன்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் மங்கையர்க்கரசி. அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல யாருக்கும் மூச்சு இல்லாததால் மேடம் என்றால் அவர்தான். குள்ளமான உருவம், பருத்திப் புடவை, அதற்கு மேல் கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் கோட்டு. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் தணிந்து பேசுவார், நாம் காதைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ரத்தம் எடுக்கும்போது அவசரப்பட்டு இழுத்தால் அணுக்கள் உடைந்து, ரத்தத்திலிருந்து பிரிகிற தெளிநீர் சிவந்துபோகும். அப்படிப்பட்ட குழாயை யாராவது கொண்டுவந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ரத்தம் இல்லம்மா, ரோஸ்மில்க். போய் வேற எடுத்துட்டு வா" என்பார். எனக்கே இரண்டு தடவை ரோஸ்மில்க் கிடைத்திருக்கிறது.

அவரிடம்தான் டியூப் டெஸ்ட் கற்றுக்கொண்டேன். பூச்சி, உண்ணி இவற்றால் வரும் காய்ச்சலுக்கான பழைய சோதனை அது. ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளியும். சின்னக் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தி உப்புநீர் விட்டு, முதல் குழாயில் இந்தத் தெளிநீரைக் கலக்க வேண்டும். அதிலிருந்து பாதியை எடுத்து அடுத்ததில், அதிலிருந்து பாதியை அதற்கடுத்ததில் என்று நீர்த்துக்கொண்டே போக வேண்டும். பிறகு குப்பியில் வருகிற கிருமிக் கலவையை எல்லாக் குழாயிலும் விட்டு இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலையில்தான் பதில். மூன்று குப்பி, அதனால் மூன்று வரிசை. புதர்களில் இருக்கிற பூச்சியால் வந்த காய்ச்சல் என்றால் ஓஎக்ஸ் கே என்ற வரிசை பேசும். நாய், ஆடு மேல் இருக்கிற உண்ணியால் வந்தது என்றால் ஓஎக்ஸ் பத்தொன்பது என்ற வரிசையும் அதன் தங்கை ஓஎக்ஸ் இரண்டும் பேசும்.

பேசும் என்றால் என்ன? ஒன்றும் இல்லாத குழாயில் கிருமிகள் அடியில் ஒரு பொட்டு மாதிரி சேர்ந்து உட்கார்ந்திருக்கும். தட்டினால் புகைபோல எழுந்து கலையும். ரத்தத்தில் அந்தக் காய்ச்சலுக்கான எதிர்ப்பு இருந்தால் அடி முழுக்க விரித்தாற்போலப் படிந்திருக்கும். மெல்லத் தட்டினால் பால் திரிந்த மாதிரி துணுக்குத் துணுக்காக மேலே வரும். இதைப் பார்க்கப் பின்னால் கறுப்பு வேண்டும். மேடம் தன்னுடைய பழைய குடையின் துணியைக் கிழித்துச் சட்டம் போட்டு வைத்திருந்தார். அதற்கு முன்னால் குழாயைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தட்டு. இரண்டு தட்டு தட்டினால் "எழுப்பாத, தூங்கறவங்களை எழுப்பாத" என்பார்.

இதில் மேடத்துக்கு ஒரு வழக்கம். முதலில் நான் பார்ப்பேன். பார்த்து முடித்துவிட்டு வாயைத் திறக்காமல் நகர்ந்து நிற்க வேண்டும், முகத்தில்கூட எதுவும் தெரியக் கூடாது. பிறகு அவர் பார்ப்பார். அதன் பிறகு "ம்" என்பார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விரலை நீட்டி, எந்தக் குழாய் வரைக்கும் திரிந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் விளையாடுவதுபோல இருக்கும். இரண்டு விரலும் ஒரே குழாயில் வந்து முட்டினால்தான் ரிப்போர்ட். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. தலைவர் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிற வேலை அங்கே நடக்கவே நடக்காது.

இவ்வளவு கறாரான மனுஷி செய்த ஒரு நல்ல காரியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் லேப் வாசலில் சோதனைகளின் பெயர்ப் பலகை ஒன்று உண்டு, எல்லாம் இங்கிலீஷில். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் பூந்தமல்லி கடைத்தெருக்காரர்கள், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற பெண்கள், சினிமா செட்டுகளில் வேலை செய்கிறவர்கள். யாருக்கும் தனக்கு என்ன பார்க்கிறார்கள் என்றே தெரியாது. தெரியாமலே கையை நீட்டிவிட்டுப் போவார்கள். மேடத்துக்கு இது பிடிக்கவில்லை. "தன் ரத்தத்துல என்ன தேடறாங்கன்னு தெரிஞ்சுக்கறது அவங்க உரிமை" என்று சொல்லி, தானே உட்கார்ந்து தமிழில் பலகை எழுதினார். லெப்டோவுக்கு எலிக் காய்ச்சல். ஸ்கிரப் டைபஸுக்கு, பேப்பரில் எப்படிப் போடுகிறார்களோ அப்படியே, உண்ணிக் காய்ச்சல். மக்கள் நின்று படித்தார்கள். ஒரு பாய் மேடத்தைக் கூப்பிட்டு, "நல்லா இருங்கம்மா, இப்பதான் புரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஸ்கிரப் டைபஸ் புதரில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. நம் ஜனங்கள் உண்ணி என்று சொல்வது அதை இல்லை. நாய்க் காதில், ஆட்டு மடியில் மிளகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதைத்தான். அதனாலும் ஒரு காய்ச்சல் வரும், அதற்குத் தமிழில் தனிப் பெயரே யாரும் வைக்கவில்லை. அதனுடைய பெயரை எடுத்து வேறொன்றுக்கு வைத்தாகிவிட்டது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் எங்களுக்குள் நாங்கள் இங்கிலீஷ் பெயரில்தானே பேசிக்கொண்டோம்.

அப்புறம் கார்டு வந்தது. கர்ப்பம் பார்க்கிற கார்டு மாதிரி, ஒரு சொட்டு தெளிநீர் விட்டால் சிவப்புக் கோடு வரும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பதில் தயார். அது ஸ்கிரப் டைபஸை மட்டும்தான் பார்க்கும். டியூப் டெஸ்ட் பழசு, நம்பகம் குறைவு என்று எல்லா டாக்டர்களும் கார்டையே கேட்டார்கள். அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. குழாய்கள் அலமாரிக்குப் போயின.

அஞ்சலை வந்தது ஒரு டெங்கு சீசனில். மழை விட்டும் விடாமலும் இருந்தது. வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. அவளும் அவள் கணவன் பாபுவும் சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருந்தார்கள். பாபு என் கடைசித் தம்பி வயசு, அவன் என்றே எழுதுகிறேன். ஒரே பெண், சந்தியா, ஆரம்பப் பள்ளியில் படித்தாள். கடைக்குக் காவலாகப் பிளாக்கி என்று ஒரு கறுப்பு நாய் இருந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

ஒரு வாரமாகக் காய்ச்சல். இரண்டு கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு இங்கே வந்து அட்மிட் ஆகியிருந்தாள். தலை பிளக்கிற வலி, மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள். வார்டு டாக்டர் இளைஞர், கெட்டிக்காரர். டெங்குவாகவும் இருக்கலாம், பூச்சிக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று ரத்தத்தை எங்களுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே டாக்சிசைக்ளின் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். பழைய, மலிவான மாத்திரை. புதர்ப் பூச்சிக் காய்ச்சலுக்கும் அதுதான் மருந்து, நாய் உண்ணிக் காய்ச்சலுக்கும் அதுதான் மருந்து. இதை மட்டும் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பதில் போனது. டெங்கு சோதனையில் ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது. எப்போதோ வந்துபோன டெங்குவுக்கும் அந்தக் கோடு நிற்கும். ஸ்கிரப் டைபஸ் கார்டில் கோடு இல்லை. கவுன்ட்டரில் லோகு இருந்தார். காட்டுப்பாக்கத்துக்காரர், யார் வந்தாலும் அரை நிமிஷத்தில் சிநேகிதம் பிடித்துவிடுவார், பயந்து வருகிறவர்களுக்கு அவர் முகமே பாதி மருந்து. பாபு கண்ணாடித் தடுப்பின் ஓட்டையில் குனிந்து கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

"அண்ணாத்தே, அஞ்சலைன்னு... இன்னா வந்துக்கீது?"

"பயப்படாத மாமே. டெங்கு மாதிரிதான் கீது. இந்த உண்ணி கிண்ணி எல்லாம் ஒண்ணியும் இல்ல."

"மெய்யாலுமா? உண்ணி இல்லையா?"

"பலகைல போட்டுக்கீது பாரு உண்ணிக் காய்ச்சல், அத்தான் பாத்தாச்சு. இல்ல. போய் நைனா, நிம்மதியா ஒரு டீ சாப்டு."

லோகுவைக் குறை சொல்லாதீர்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும், மேடமே இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். அவர் பார்த்தது நெகட்டிவ், படித்தது பலகை. இரண்டையும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்த நாள் ரவுண்ட்ஸில் அஞ்சலைக்கு மாத்திரை சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிறது என்றாள் நர்ஸ். டெங்குவில் கோடு இருக்கிறது, கார்டில் கோடு இல்லை, பெண்ணுக்கோ வயிறு கொதிக்கிறது. டாக்டர் டாக்சிசைக்ளினை நிறுத்தினார். நிறுத்துவதற்கு முன்னால் கேட்கவேண்டியதைக் கேட்கவும் செய்தார். வீட்டில் ஆடு மாடு நாய் ஏதாவது உண்டா, உடம்பில் பூச்சி கீச்சி ஒட்டியதா என்று. பாபு, "அதெல்லாம் லேப்ல பாத்துட்டாங்க சார். உண்ணி இல்லேன்னு சொல்டாங்க" என்றான். டாக்டர் சரி என்று அடுத்த கட்டிலுக்குப் போனார். இதை அவரே பின்னால் எங்களிடம் வந்து சொன்னார். அப்போது அவர் நின்ற நிலையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு நாள் தட்டணுக்களை எண்ணிக்கொண்டிருந்தோம். டெங்கு என்று முடிவு செய்த பிறகு அதுதானே வேலை. அஞ்சலைக்குச் சிறுநீர் குறைந்தது. பேச்சு குளறியது. நரம்பு கிடைக்கவில்லை, யாராவது சீனியர் வாங்க என்று வார்டிலிருந்து போன் வந்தது. நான் போனேன்.

ரப்பர் பட்டையைக் கட்டி, "கையை மூடித் திறம்மா" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. நானே விரல்களைப் பிரித்தேன். உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். டெங்குவில் உள்ளங்கையில் இந்த மாதிரி நான் பார்த்ததில்லை. விட்டதும் அவள் மறுபடி இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, கட்டைவிரல் நகங்களை ஒன்றோடொன்று வைத்து அழுத்தினாள். தலையில் எடுத்த பேனைக் குத்துவோமே, அதே மாதிரி. குத்திவிட்டு, காற்றில் எதையோ தேடிப் பிடித்து, மறுபடி நகத்தில் வைத்துக் குத்தினாள். நினைவில்லாதவளின் கை மட்டும் அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்துகொண்டிருந்தது.

பாபு கட்டில் ஓரமாக நின்றிருந்தான். "தலைல பேன் அதிகமா தம்பி?" என்று கேட்டேன்.

அவன் அந்த நிலைமையிலும் லேசாகச் சிரித்தான். "பேன் இல்ல மேடம். பிளாக்கிக்கு உண்ணி எடுத்துனு கீது. எங்க நாயி. தெனம் சாய்ங்காலம் கடை வாசல்ல குந்திக்கினு அத்தான் வேலை இதுக்கு. காதுக்குள்ள எல்லாம் உட்டு எடுக்கும். நான் சீமெண்ணைல போடுன்னா கேக்காது, நகத்துலயே வச்சி நசுக்கும்."

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இன்னாத்துக்கு மேடம்? நீங்கதான உண்ணி இல்லேன்னு சொல்ட்டீங்க."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. எங்களை நம்பிச் சொன்னான். அந்த நம்பிக்கைதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது. நாயிடம் உண்ணி இருக்கிறது, மனைவி அதை நகத்தில் நசுக்குகிறாள் என்று சொல்ல வந்த வாயை எங்கள் ஒரு வார்த்தை அடைத்துவிட்டது. லேபே இல்லை என்ற பிறகு அவன் எதற்கு வேலை மெனக்கெட்டு நாய்க் கதையை டாக்டரிடம் சொல்ல வேண்டும்?

ரத்தத்தை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். உள்ளங்கை, நகம், பிளாக்கி. உண்ணி கடிக்கவே வேண்டாம், நசுக்கினால் விரல் கீறல் வழியாகக்கூடக் கிருமி ஏறிவிடும். நான் சொல்லி முடிக்கும் முன்னால் மேடம் எழுந்துவிட்டார். வார்டுக்குப் போன் போட்டு, மிகவும் தணிந்த குரலில், "டாக்சிசைக்ளின் உடனே ஆரம்பிங்க, ஊசியா போடுங்க" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "நாளைக்குக் காலைலதான் டியூப் சொல்லும். அதுக்காகக் காத்திருக்காதீங்க. நாங்க சொன்னதுக்குக் காத்திருந்தது போதும்" என்று வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கார்டு எதைப் பார்க்கும்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாததா? "ஸ்கிரப் மட்டும்தான் மேடம்" என்றேன். "பலகைல நான் என்ன எழுதியிருக்கேன்?" என்றார்.

டாக்டர் தயங்கவில்லை, அந்த மதியமே ஊசி ஏறியது. நாங்கள் அலமாரியைத் திறந்து குழாய்களைக் கழுவிக் காயவைத்து மூன்று வரிசையையும் வைத்தோம். அட்மிட் ஆன அன்று எடுத்த தெளிநீர் ஃபிரிஜ்ஜில் இருந்தது. அதையும் பக்கத்தில் வைத்தோம். நான் ஒவ்வொரு குழாயிலும் கலவை விடும்போது மேடம் கூடவே நின்றார். அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறாரா, வேண்டுகிறாரா என்று தெரியவில்லை.

காலையில் நான் போனபோது அவர் வந்து கோட்டு மாட்டி நின்றுகொண்டிருந்தார். குழாய்களைத் தொடவில்லை, முறைப்படி நான்தானே முதலில். குடைத்துணிக்கு முன்னால் பிடித்தேன். கே வரிசை முழுக்கப் பொட்டு, தட்டினால் புகை. பத்தொன்பது வரிசையில் முதல் குழாய் திரிந்தது, அடுத்தது திரிந்தது, அதற்கடுத்ததும். கடைசிக்கு முந்தின குழாய் வரைக்கும் துணுக்குத் துணுக்காக எழுந்து வந்தது. அட்மிட் ஆன அன்றைய ரத்தத்தில் இரண்டாவது குழாயோடு நின்றுவிட்டது. நான்கு நாளில் எதிர்ப்பு இவ்வளவு ஏறியிருந்தால் நாய் உண்ணிக் காய்ச்சல்தான், சந்தேகத்துக்கே இடமில்லை. முகத்தில் எதுவும் காட்டாமல் நகர்ந்து நின்றேன்.

மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. லோகு எடுத்தார். அஞ்சலை போய்விட்டாள் என்று அவர் சொல்லவில்லை, ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வையே சொல்லிவிட்டது. மேடம் குழாயைக் கீழே வைக்கவில்லை. ஓஎக்ஸ் இரண்டு வரிசை மிச்சம் இருந்தது. அதையும் ஒவ்வொன்றாக, ஒரே ஒரு தட்டு தட்டிப் பார்த்து முடித்தார். பிறகு "ம்" என்றார். விரலை நீட்டினோம். இரண்டு விரலும் ஒரே குழாயில் வந்து முட்டின.

அன்றைக்கே பலகையைக் கழற்றினார். தமிழை எடுத்துவிடலாம் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள், பழையபடி இங்கிலீஷிலேயே இருக்கட்டும், யாருக்கும் புரியாவிட்டால் வம்பும் இல்லை என்று. மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வரியை அழித்துவிட்டு, புதர்ப் பூச்சிக் காய்ச்சல் என்று எழுதி, அதற்குக் கீழே, ‘நாய், ஆடு, மாட்டு உண்ணி கடித்திருந்தால் இந்தச் சோதனை போதாது, கட்டாயம் டாக்டரிடம் சொல்லவும்’ என்று எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. இனி அந்தக் கார்டோடு டியூபும் சேர்ந்தேதான் வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து பாபு மறுபடி வந்தான். முகத்தில் தாடி, தோளில் சந்தியா. ஓ.பி. சீட்டுகூடப் போடாமல் நேரே லேப் வாசலுக்கு வந்து நின்றான். சந்தியா பிழைத்துவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதை எழுத எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

"மேடம், இதுக்கும் ஜொரம். நேத்துலேர்ந்து. இன்னா டெஸ்டு எடுக்கணுமோ எடுங்க. எல்லாம் எடுங்க. அந்த நாய் உண்ணி டெஸ்டு ஒண்ணு கீதாமே, அதையும் எடுங்க."

மேடம் வெளியே வந்து, குழந்தைக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். "பிளாக்கிக்கு நீ உண்ணி எடுத்தியாடா?" என்று கேட்டார்.

சந்தியா அப்பாவைப் பார்த்துவிட்டு, "அம்மா ஆஸ்பத்திரில இருந்துச்சில்ல, அதான் நான் எடுத்தேன்" என்றாள். "அம்மா மாதிரியே நகத்துல."

நான் ரப்பர் பட்டையோடும் ஊசியோடும் தயாராக வந்துவிட்டேன். மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "ரத்தம் அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல மருந்து." தானே அவர்களைக் குழந்தைகள் டாக்டரிடம் அழைத்துப்போய், சீட்டு எழுதும்வரை பக்கத்திலேயே நின்று, மாத்திரையை வாங்கி வந்து, எங்கள் லேப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீரும் கொடுத்தார். பாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா மேடம், டெஸ்டு எடுக்காமயே மாத்திரை குடுக்குறீங்க?"

"இந்தக் காய்ச்சலுக்கு அப்படித்தான் குடுக்கணும் பாபு. ரத்தத்துல தெரிய நாள் ஆகும். அதுக்குள்ள உடம்பு தாங்காது."

அவன் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யோசிக்கிற முகம். "அப்ப அஞ்சலைக்கும் டெஸ்டு எடுக்காமயே குடுத்துருக்கலாமா?"

லோகு கவுன்ட்டரில் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார் என்று நினைத்தேன். சமாளிக்கட்டும் என்றுதான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பாபுவுக்கு இன்னும் எத்தனையைத்தான் தாங்க முடியும்?

"குடுத்தாங்க" என்றார் மேடம். "வந்த அன்னிக்கே குடுத்தாங்க. இதே மாத்திரைதான். எங்க டெஸ்டு இல்லேன்னு சொன்னதைப் பாத்துட்டுத்தான் நிறுத்தினாங்க. டெஸ்டுல தப்பு இல்ல. அது பாக்கறது ஒண்ணு, நான் அதுக்கு வச்ச பேர் ஒண்ணு. அந்தப் பேரைத்தான் நீங்க நம்புனீங்க."

வாழ்க்கை முழுக்க லேபில் இருந்தவள் நான். லேபே இல்லாத ஒரு ஊரில் படுத்திருந்தால் அஞ்சலை எழுந்து நடந்திருப்பாள் என்பது அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

பாபு சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். "இது, வாந்தி எடுத்துச்சே, அந்த மாத்திரையா?" என்று மட்டும் கேட்டான். மேடம் ஆமாம் என்றார். அவன் அட்டையைப் பிரித்து ஒன்றை எடுத்து மகள் வாயில் வைத்தான். அவள் முகம் சுளித்தாள், குமட்டியது. தம்ளரை அவள் உதட்டில் வைத்தபடி அவன் சொன்னான்:

"வாந்தி வந்தா வரட்டும் கண்ணு. வந்தா இன்னொண்ணு முழுங்கு. யாரு சொன்னாலும் நிறுத்தாத, இன்னா?"